நடுச்சாம நெஞ்சிடியும் விறுவிறுக்கும் விரல்களும்: உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழும்பி, நெஞ்சு படபடவென்று அடித்து, கைகால் விறுவிறுத்து, உயிர் போய் வந்தவருக்கு விடியமுன்னமே விளக்கங்கள் கிடைத்துவிடும். "அது வாய்வு, உள்ளி அவிச்சுக் குடி" என்பார் பெரியம்மா. "நாவூறாக்கும், ஒருக்காப் பார்வை பார்த்து நூல் கட்டு" என்பார் அடுத்த வீட்டுக்காரர். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் கதைக்கும் மச்சான், "மினி அற்றாக்காய் இருக்கும், விடாதை" என்று பயமுறுத்துவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நோர்மல், யோசிக்காதேங்கோ" என்று அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் அது "ஒண்டுமில்லையாம், சும்மா பயமாம்" என்று மாறிவிடும்.

இவற்றில் ஆளை மிக மோசமாக வழிதவற வைப்பது அந்தக் கடைசி வசனம்தான். இ.சி.ஜி. நோர்மல் என்றால், அதை எடுத்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காக இருந்தது என்று அர்த்தம். இரவு நடந்தது பொய் என்று அர்த்தமில்லை. விரல் விறுவிறுத்ததும் உண்மை, நெஞ்சு அடித்ததும் உண்மை. இரண்டுக்கும் உடம்புக்குள் காரணம் இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

## எதைப் பற்றிக் கதைக்கிறோம்?

நித்திரை கொண்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். கெட்ட கனவு எதுவும் இல்லை. திடீரென்று முழிப்பு வருகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு போதாததுபோல் இருக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊருகிறது. "சாகப் போறன்" என்ற எண்ணம் வருகிறது. "அம்மா, எனக்கு என்னவோ செய்யுது" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வருவதில்லை.

இப்படித் திடீரென்று கிளம்பி, ஏறத்தாழ 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும் கடும் பய அலையைப் பதகளிப்புத் தாக்கம் என்பார்கள். 'பனிக் அற்றாக்' என்று இளம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். நித்திரையிலிருந்தே ஆளை எழுப்பினால் அது இரவுப் பதகளிப்பு.

ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் பதகளிப்பு மட்டும்தான் காரணம் என்று நினைக்கக்கூடாது. வேறு வருத்தங்களும் இதே வேசத்தில் வரும். அவற்றைப் பின்னால் பார்ப்போம். முதலில் பதகளிப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டால், மற்றவற்றைப் பிரித்தறிவது சுகம்.

## வளவுக்குள் குலைக்கும் நாய்

பனம்பழக் காலத்தில் இரவில் 'தொம்' என்று ஒரு பழம் விழும். வளவு நாய் பாய்ந்து எழும்பிக் குலைக்கும். விழுந்தது பழமா, மதிலேறிக் குதித்த கள்ளனா என்று நாய் ஆராய்வதில்லை. முதலில் குலைக்கும், பிறகுதான் பார்க்கும். அப்படி இருந்தால்தான் அது காவல் நாய். யோசித்துவிட்டுக் குலைக்கும் நாயை வைத்திருந்து என்ன பயன்?

நம் மூளைக்குள்ளும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு அதில் பெரிய பங்கு. ஆபத்து என்று பட்டவுடன், நாம் யோசிக்க முன்னமே அது உடம்பை எழுப்பிவிடும். சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பிபோல் இருக்கும் இரண்டு சுரப்பிகளுக்குச் செய்தி போகும். அங்கிருந்து அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பை ஆயத்தப்படுத்துவதுதான் அதன் வேலை. தசைகளுக்கு அதிக இரத்தம் தேவைப்படும் என்பதால் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு கூடும், வியர்க்கும், கை நடுங்கும். வயிறு ஒரு மாதிரிப் புரளும், ஏனென்றால் சமிபாட்டுக்குப் போக வேண்டிய இரத்தமும் தசைப் பக்கம் திரும்பிவிடும்.

பதகளிப்பில் நடப்பது முழுக்க இதுதான். கள்ளன் இல்லை, ஆனால் குலைப்பு உண்மை. வீட்டுக்காரர் ரோச் லைற்றோடு பதறி வெளியே ஓடிவந்தால் நாய் இன்னும் உரக்கக் குலைக்கும். அதே மாதிரி, "ஐயோ நெஞ்சு அடிக்குதே" என்று நாம் பயப்படும்போது, அந்தப் பயத்தையே மூளை அடுத்த ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. இன்னும் அட்ரினலின் வருகிறது, இதயம் இன்னும் அடிக்கிறது. முதல் குலைப்புக்குக் காரணமான பனம்பழத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பதகளிப்பின் படபடப்பு இதயம் பழுதானதால் வருவதில்லை, நல்ல இதயத்துக்குத் தவறான நேரத்தில் வந்த கட்டளையால் வருகிறது. அந்தக் கட்டளையைக் காவிச் செல்வது அட்ரினலின். நம் பயம் அதை வளர்க்கிறது.

## விரல் நுனி ஏன் விறுவிறுக்கிறது?

ஆட்களை அதிகம் பயப்படுத்துவது இந்த விறுவிறுப்புத்தான். "நெஞ்சும் அடிக்குது, கையும் விறைக்குது, அப்ப ஹார்ட் அற்றாக்தானே" என்று உடனே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஆனால் இதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சு.

நாம் மூச்சை உள்ளே இழுப்பது ஒட்சிசனுக்காக. வெளியே விடும்போது காபனீரொட்சைட்டை அனுப்புகிறோம். காபனீரொட்சைட்டு வெறும் கழிவு, எவ்வளவு வெளியே போனாலும் நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. இரத்தத்தில் அது ஓர் அளவுக்கு இருந்தே ஆகவேண்டும். இரத்தத்தின் அமில, கார நிலை 7.35 முதல் 7.45 வரையான மிக ஒடுங்கிய எல்லைக்குள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பயத்தில் அது வேகமாகவும் ஆழமாகவும் போகும்போது, உடம்பு உண்டாக்குவதைவிட அதிகமான காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இதற்கு மிகைச்சுவாசம் என்று பெயர். இரத்தம் கொஞ்சம் காரப் பக்கம் சாய்கிறது. அப்போது இரத்தத்தில் தனியாக மிதந்துகொண்டிருந்த கல்சியத்தில் ஒரு பங்கு அங்குள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நரம்புகளை அமைதியாக வைத்திருப்பது அந்தத் தனிக் கல்சியம்தான். அது குறைந்தவுடன் நரம்புகள் காரணமில்லாமல் துடிக்கத் தொடங்கும். உதட்டோரம், விரல் நுனி, கால்விரல் என்று இரண்டு பக்கமும் விறுவிறுக்கும். கடுமையானால் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் "வலிப்பு" என்று கத்துவது அப்போதுதான்.

உடனே பாமசிக்குப் போய்க் கல்சியக் குளிசை வாங்கவேண்டியதில்லை. உடம்பில் உள்ள மொத்தக் கல்சியம் குறையவில்லை, கொஞ்ச நேரத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு வழமைக்கு வந்தால் அதுவும் விடுபடும்.

காபனீரொட்சைட்டு குறையும்போது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் கொஞ்சம் ஒடுங்கும். தலைசுற்றல், கண் மங்கல், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பதுபோன்ற உணர்வு ஆகியவை அதனால் வருபவை. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் மெசின் வீட்டில் இருந்தால் இதில் ஒரு வேடிக்கையைக் காணலாம். மூச்சே இல்லை என்று தவிப்பவரின் விரலில் மாட்டினால் ஒட்சிசன் 98, 99 என்று காட்டும். ஒட்சிசன் குறைந்திருக்காது. மூச்சு கூடியதால் வந்த தவிப்பு அது.

ஆகவே, சுற்றி நிற்பவர்கள் "நல்லா ஆழமா மூச்சை இழு, இழு" என்று சொல்வது நல்ல மனதோடுதான் என்றாலும், எரியும் அடுப்புக்குள் இன்னும் பாளையைச் செருகும் வேலை. மூச்சை மெதுவாக, அளவாக விடச் சொல்லவேண்டும்.

## நித்திரையில் எதற்கு வருகிறது?

"முழிச்சிருக்கேக்க யோசிச்சுப் பயந்தால் சரி. நித்திரையிலை ஆர் யோசிக்கிறது?" நியாயமான கேள்வி.

இரவுப் பதகளிப்பு கனவு காணும் நித்திரையில் வருவதில்லை. மெல்லிய நித்திரையிலிருந்து ஆழ்ந்த நித்திரைக்கு இறங்கும் கட்டத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால்தான் படுத்த முதல் சில மணித்தியாலங்களுக்குள் அது நடக்கிறது. அந்த இறக்கத்தில் இதயத் துடிப்பும் மூச்சும் மாறுகின்றன, காபனீரொட்சைட்டு சற்றுக் கூடுகிறது. மற்றவர்களின் உடம்பு இதைக் கணக்கெடுக்காது. காவல் கூர்மையாகிப்போன ஒருவரின் உடம்பு இந்தச் சிறு மாற்றத்தையே ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது என்று கருதப்படுகிறது.

நம்மூரில் இரவுச் சத்தம் கேட்டவுடன் எழும்பிப் பங்கருக்குள் ஓடிப் பழகிய ஒரு தலைமுறை இருக்கிறது. பல வருடம் அப்படி வாழ்ந்த உடம்பு, சண்டை முடிந்து இவ்வளவு காலமான பிறகும் சட்டென்று விழித்துக்கொள்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடவும் முடியாது. சண்டையைக் காணாத ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கும் இது வருகிறது, வெளிநாட்டு விசா அலுவலில் மாதக்கணக்காக அலையும் அப்பாவுக்கும் வருகிறது, வெளிப்படையாக ஒரு கவலையும் இல்லாதவருக்கும் வருகிறது.

இன்னும் இரண்டு விசயங்கள் இதோடு சேர்த்துக் குழப்பப்படுகின்றன. கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்புறத்தில் வரும், கதை ஞாபகம் இருக்கும். "பேய் அமுக்கினது" என்று சொல்வார்களே, கண் திறந்திருக்கும், கைகாலை அசைக்க ஏலாது, அது நித்திரை முடக்கம். கனவு நித்திரையில் தசைகளுக்குப் போடப்படும் கட்டு அவிழமுன்னமே மூளை முழித்துக்கொள்வதால் வருவது. பதகளிப்பில் ஆள் அசையாமல் கிடப்பதில்லை, எழும்பி வாசலுக்கு ஓடுவார்.

சுருக்கம்: அட்ரினலின் நெஞ்சை அடிக்க வைக்கிறது, மிகைச்சுவாசம் விரலை விறுவிறுக்க வைக்கிறது, ஆழ்ந்த நித்திரைக்கு இறங்கும் கட்டம் இரண்டையும் கிளப்பிவிடுகிறது.

## உண்மையிலேயே கள்ளன் வந்திருந்தால்?

நாய் குலைக்கிற ஒவ்வொரு முறையும் பனம்பழம்தான் என்று திரும்பிப் படுப்பவர் ஒருநாள் சைக்கிளை இழப்பார். முதல் தடவை இப்படி நடந்தால், அது பதகளிப்புத்தான் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்கில்லை. வேறு காரணங்களைத் தள்ளிய பிறகுதான் அந்தப் பெயரை வைக்கலாம்.

நம்மிடையே முதலில் பார்க்கவேண்டியது சலரோகக்காரரின் சீனி இறங்குவது. இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் சாமத்தில் சீனி 70க்குக் கீழே போகலாம். அப்போதும் உடம்பு அட்ரினலினைத்தான் விடும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, உதட்டில் விறுவிறுப்பு. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடித்துக்கொண்டு வழமையான குளிசையை மட்டும் விடாமல் போடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மெசின் இருந்தால் உடனே பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிதான்.

இரண்டாவது, இதயத் துடிப்பின் ஒழுங்கில் வரும் கோளாறு. சிலருக்கு இதயத்தின் மின்பாதையில் ஒரு குறுக்கு வழி இருக்கும். துடிப்பு திடீரென்று 150க்கு மேல் பாய்ந்து, பிறகு ஒரே கணத்தில் நின்றுவிடும். பதகளிப்பின் துடிப்பு அப்படிச் சட்டென்று நிற்காது, மெல்ல மெல்லத்தான் இறங்கும். இந்த வித்தியாசம் டொக்டருக்குப் பெரிய துப்பு. இளம் பெண்கள் பலர் "உனக்குப் பயம்" என்று வருடக்கணக்காகச் சொல்லப்பட்ட பிறகே இது கண்டுபிடிக்கப்படுகிறது. தாக்கம் இல்லாத நேரத்தில் எடுக்கும் இ.சி.ஜி. சுத்தமாக இருக்கலாம் என்பதால், நாள் முழுக்க உடம்பில் மாட்டிவைத்துத் துடிப்பைப் பதியும் ஹோல்ற்றர் என்ற சிறு கருவி தேவைப்படும்.

தைரோயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும் படபடக்கும். இரண்டும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியும். இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) பாவிக்கும் சல்பியூற்றமோல், தியோபிலின் இரண்டுமே கையை நடுங்க வைத்து நெஞ்சை அடிக்க வைக்கக்கூடியவை. பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று, திணறி எழும்புபவருக்கு இருப்பது நித்திரை மூச்சுத்தடை. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் விறைத்து, கையை உதறினால் சுகமாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. இரவு ஒன்பது மணிக்குக் குடிக்கும் கடும் சாயப் பிளேன்ரீயையும் விட்டுவிடக்கூடாது. அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும்.

இதற்குள் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர் சாமத்தில் வயிற்று வலியோடோ, கண்மடல் பாரமாகியோ, பேச்சுக் குழறியோ எழும்பினால், கடிகாயம் தெரிகிறதா என்று தேடி நேரம் போக்காதீர்கள். கட்டுவிரியன் பாம்பு அதிகமாக நித்திரையில் இருப்பவரைத்தான் கடிக்கும், பெரும்பாலும் நோகாது, தடயமும் தெரியாது. உடனே ஆஸ்பத்திரி.

## விடியும்வரை காத்திருக்கக்கூடாத நேரம்

நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அமுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மயங்கி விழுவது, ஒரு பக்கக் கைகால் மட்டும் விறைப்பது, வாய் கோணுவது, அரை மணித்தியாலம் தாண்டியும் அடங்காத படபடப்பு, ஒழுங்கில்லாமல் தாறுமாறாக அடிக்கும் நாடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் போகவேண்டும். சலரோகக்காரருக்கும் வயதானவருக்கும் மாரடைப்பு நெஞ்சு நோவே இல்லாமல் வரலாம் என்பதால் அவர்கள் இதைவிடக் குறைந்த அறிகுறிக்கே போகவேண்டும்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வடக்கில் 2018 முதல் அது ஓடுகிறது. தானே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிடும் வீரம் வேண்டாம். "ஒண்டும் இல்லாட்டி வெக்கம்" என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவசரப் பிரிவில் நிற்பவர்களுக்கு ஒன்றுமில்லாத இ.சி.ஜி. நல்ல செய்திதான்.

## டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

"டொக்டர், நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி" என்று தொடங்கி, வெளிநோயாளர் பிரிவின் இரண்டு நிமிடத்தையும் மாமியின் வருத்தத்தில் முடித்துவிட்டு வருபவர்கள் அதிகம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "போன கிழமை இரண்டு தரம். பத்தரைக்குப் படுத்தனான், பன்னிரண்டு மணிபோல எழும்பினன். நாடி நிமிசத்துக்கு 120, ஒழுங்காத்தான் அடிச்சது. இரண்டு கையும் உதடும் விறுவிறுத்தது. இருபது நிமிசத்திலை மெல்ல மெல்ல இறங்கினது. நெஞ்சு நோவு இல்லை." இதைக் கேட்ட டொக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நாடி எண்ணுவது கஷ்டமில்லை. பெருவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 செக்கனுக்கு எண்ணி நாலால் பெருக்குங்கள். வளர்ந்தவருக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழமை. ஒருமுறை எண்ணிக் குறித்தால் போதும். பத்து நிமிடத்துக்கொருக்கால் பிறஷர் மெசினைக் கட்டிக்கொண்டிருப்பது நாய்க்கு முன்னால் ரோச் லைற்றோடு ஓடுகிற கதைதான். பயத்தில் பிறஷர் கூடும், கூடியதைக் கண்டு பயம் கூடும்.

கிளினிக் கொப்பியையும், பாவிக்கும் குளிசை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, நித்திரைக் குளிசை, இரவில் எடுக்கும் சாராயம், எதையும் மறைக்காதீர்கள். குடியைத் திடீரென்று விட்டாலும் நடுக்கமும் படபடப்பும் வரும்.

## திரும்ப வந்தால்

பரிசோதனையெல்லாம் முடிந்து, பதகளிப்புத்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று வைப்போம். அடுத்த தடவை எழும்பி இருங்கள். வாயை மூடி, மூக்கால் நாலு எண்ணும் வரை சின்னதாக இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடுகிற மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். சில நிமிடத்தில் விரல் விறுவிறுப்பு குறையத் தொடங்கும். பழைய படங்களில் வருவதுபோல் கடதாசிப் பையை வாயில் பிடிக்கவேண்டாம். உள்ளே இருப்பது மாரடைப்போ இழுப்போ என்றால் அது ஒட்சிசனைக் குறைத்து ஆபத்தாக்கும்.

பக்கத்தில் இருப்பவர் செய்யவேண்டியது இன்னும் குறைவு. விசிறவேண்டாம், விளக்கெல்லாம் போட்டு அயலை எழுப்பவேண்டாம். "நான் இருக்கிறன், இது இறங்கும்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அருகே இருந்தால் போதும்.

எப்போதாவது ஒருமுறை வந்து போனால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. அடிக்கடி வந்து, படுக்கப் போகவே பயம் பிடித்து, விடியும்வரை கதிரையில் இருக்கும் நிலைக்கு ஆள் வந்துவிட்டால் அது வைத்தியம் தேவைப்படும் வருத்தம். பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் உடம்புணர்வுகளையும் பழகி எதிர்கொள்ளப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போனால் "விசர்" என்று ஊர் கதைக்கும் என்று ஒளிப்பவர்கள், ஊருக்குத் தெரியாமல் பாமசியில் அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வகைக் குளிசை கெதியாக அடக்கும், கெதியாகவே பழக்கமும் ஆகிவிடும். பிறகு விடும்போது வருவதும் இதே படபடப்புத்தான். முதலில் யாரோடாவது கதைக்கவேண்டும்போல் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

டொக்டர் செர்ட்ரலின் போன்ற மருந்தைத் தந்தால், அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். முதல் சில நாட்களில் பதகளிப்பு சற்றுக் கூடினதுபோலவும் தோன்றலாம். அதற்காக மூன்றாம் நாளே குளிசையைத் தூக்கி எறியாமல், எழுதித் தந்த டொக்டரிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்கவும், வேறொன்றுக்கு மாற்றவும் அவருக்கு வழி இருக்கிறது.